மிஸஸ் பிளங்கெட் சொன்னது

மெர்ல் கோசாக்கை நான் முதலில் பார்த்தது ஒரு லிஃப்டுக்குள். 1952 பிப்ரவரி, புதன்கிழமை. நியூயார்க்கில் பத்திரிகைகளுக்குக் கார்ட்டூன் போட்டுப் பிழைத்தவர்களுக்கு வாரத்தில் ஒரே நாள்தான் கணக்கு. புதன்கிழமைதான் ஆசிரியர்கள் எங்களைப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு அட்டைப்பை, அதற்குள் பென்சிலில் போட்ட பதினைந்து இருபது படங்கள், மாடி மாடியாக ஏறி இறங்குவோம். காலையில் பெரிய பத்திரிகையில் காட்டுவோம். அங்கே தள்ளியதை அடுத்த இடத்தில், அங்கேயும் தள்ளியதை அதற்கடுத்த இடத்தில். பொழுது சாய்கிற நேரத்துக்கு ஆண்கள் பத்திரிகைகளுக்கு வந்து சேருவோம். அட்டையில் நீச்சலுடைப் பெண், உள்ளே கரடி வேட்டைக் கதை, விஸ்கி விளம்பரம், அவற்றுக்கு நடுவே எங்கள் கார்ட்டூன்கள். தனித் தீவில் மாட்டிக்கொண்டவன், மடியில் செயலாளரை உட்கார வைத்துக்கொண்டு மனைவிக்குப் போன் பேசும் முதலாளி, கதவுக்குப் பின்னால் கட்டையோடு காத்திருக்கும் பெண்டாட்டி. இந்த மூன்று நான்கைத்தான் நாற்பது பேர் திருப்பித் திருப்பி வரைந்துகொண்டிருந்தோம்.

லிஃப்டில் அவன் என் அட்டைப்பையைப் பார்த்து, எத்தனை எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

"எனக்கும் பூஜ்யம்தான். பரவாயில்லை, ரெண்டு பூஜ்யம் கிடைச்சாச்சு. முன்னாடி ஒரு ஒண்ணு மட்டும் வந்து நின்னுட்டா நூறு."

அன்றைக்கு நான் சிரித்த ஒரே சிரிப்பு அது. அந்த வரி அவன் பெண்டாட்டி வெர்னாவுடையது என்று பிறகு தெரிந்தது.

அவர்கள் வுட்சைடில் இருந்தார்கள். தலைக்கு மேலே ரயில் ஓடும் தெருவுக்கு இரண்டு வீடு தள்ளி, மேலே பரண் வைத்த ஒடுங்கலான வீடு. ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட இடத்தில் பிடித்துக்கொள்வது அந்தத் தெருக்காரர்களுக்குப் பழகிப்போயிருந்தது. வெர்னா மட்டும் நிறுத்தமாட்டாள். சத்தத்துக்குள்ளேயே பேசுவாள். ரயில் போன பிறகு நாம்தான் "என்ன சொன்னீங்க?" என்று கேட்க வேண்டும். "நல்லதாத்தான் சொன்னேன், போயிடுச்சு" என்பாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தாள். உயரம், ஒல்லி, அடர்ந்த புருவம். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், மழை வரும் போலிருக்கிறது என்கிற குரலில் ஏதாவது சொல்வாள். நமக்கு இருமல் வந்துவிடும். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. மெர்ல் சிரிக்கமாட்டான். அவன் இடது கை மட்டும் மெதுவாகச் சட்டைப் பைக்குப் போய் பென்சிலை எடுக்கும்.

"எழுதிக்கோ, எழுதிக்கோ. சம்பளமே குடுக்காம வேலை வாங்குற முதலாளி உலகத்துல நீ ஒருத்தன்தான்," என்பாள். அந்தக் காலத்தில் அதை ஆசையாகத்தான் சொன்னாள்.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டோம். மெர்ல் தாமதமாகப் போய், ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பூனைபோல உள்ளே நுழைந்திருக்கிறான். வெர்னா சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "இப்படிச் சத்தமில்லாம வராதே. திருடனாக்கும்னு நினைச்சு சந்தோஷப்பட்டுட்டேன்," என்றாளாம். அவன் அப்படியே உட்கார்ந்து அதை வரைந்தான். ஒல்லியான வெர்னாவை வரைந்தால் சிரிப்பு வராது, அதனால் மூன்று மடங்கு ஆக்கினான். கழுத்தை எடுத்துவிட்டான். தலையில் முடியைச் சுருட்டும் சுருள் ஊசிகள், கையில் மாவு தேய்க்கும் கட்டை. 'கமடோர்' என்ற ஆண்கள் பத்திரிகை அதை வாங்கியது. கமடோர் ஆசிரியர் ஆல்டன் ரெட்மண்ட், இந்த அம்மாளை மாதாமாதம் கொண்டு வா என்று சொல்லி, அவளுக்கு மிஸஸ் பிளங்கெட் என்று பெயரும் வைத்தார்.

வெர்னா ஐந்து பிரதி வாங்கினாள். ஒன்றை ஸ்கிராண்டனில் இருந்த அக்கா தெல்மாவுக்கு அனுப்பினாள். படத்தைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சாப்பாடு எனக்கு எப்பப் போட்டே?" என்று மட்டும் கேட்டாள்.

மூன்று வருடத்தில் மிஸஸ் பிளங்கெட் முழுப் பக்கம் ஆனாள். வரிகள் எல்லாம் வெர்னாவுடையவை. மெர்ல் நன்றாக வரைவான், ஆனால் அவனுக்குச் சிரிப்பு வராது. எங்களில் பலர் அப்படித்தான். வெளியூரில் இருந்து தபாலில் அட்டை அட்டையாக ஜோக் எழுதி அனுப்புகிறவர்கள் இருந்தார்கள், அவர்களிடம் வாங்கி வரைவோம். மெர்லுக்கு அந்தத் தேவையே இல்லாமல் இருந்தது. எங்களுக்கு அதில் பொறாமை.

1955 இலையுதிர்காலத்தில் அவர்களுக்கு ஒரு பையன் பிறந்து இரண்டு நாள் இருந்தான். தொட்டில் முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். அதை மெர்ல் பரணில் ஏற்றிவிட்டான். வெர்னா வேலையை விட்டாள். வீட்டிலேயே இருந்தாள், உடம்பு வைத்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை. பேசாமல் இருந்தது மரியாதை என்று நினைத்தோம். ஆனால் மாதாமாதம் கமடோர் வந்துகொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் படமும் ஆளும் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டே வந்தார்கள்.

முதலில் கறிக்கடைக்காரன் ஆரம்பித்தான். "வாங்க மிஸஸ் பிளங்கெட், கல்லீரல் புதுசா வந்திருக்கு." அவள் அதற்கு ஏதோ பதில் சொல்லிக் கடையையே சிரிக்க வைத்துவிட்டு வந்தாள். பிறகு தபால்காரர். பிறகு அடுத்த வீட்டுக் கணவன்மார்கள், வேலியோரமாக அவளைப் பார்த்ததும் தலையில் அடி விழுவதுபோலக் குனிந்து ஓடுவார்கள். நல்ல மனிதர்கள்தான், வேடிக்கைக்குச் செய்தார்கள். அவள் கறிக்கடையை மாற்றினாள். அந்தக் கடைக்காரனும் முடிவெட்டும் கடையில் கமடோர் புரட்டுகிறவன்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"மெர்ல், அவளைக் கொன்னுடேன்."

"யாரை?"

"உன் பொண்டாட்டியை. பஸ்ல அடிபட்டுப் போகட்டும். ஒரு முழுப் பக்கம் போடு, அதுக்கும் சிரிப்பாங்க. அத்தோட முடிஞ்சுடும்."

மெர்ல் என்னைப் பார்த்தான். நான் தட்டைப் பார்த்தேன். அவன் கை பென்சிலுக்குப் போய் பாதியில் நின்றதை வெர்னா பார்த்துவிட்டாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவன் முயற்சி செய்யாமல் இல்லை. அடுத்த புதன்கிழமை பிளங்கெட் இல்லாமல் இருபது படம் கொண்டுபோனான். நானும் அந்த அறையில்தான் என் முறைக்கு உட்கார்ந்திருந்தேன். ரெட்மண்ட் கெட்டவர் அல்ல. எங்களை நிற்க வைத்துப் பேசமாட்டார். இருபதையும் பொறுமையாகப் பார்த்து, அடுக்கி, ஓரம் தட்டிச் சரிசெய்து திருப்பிக் கொடுத்தார்.

"நல்லா இருக்கு மெர்ல். இதே மாதிரி நல்லா இருக்கிறது வெளியில முப்பது பேர் கையில இருக்கு. எனக்கு அந்த அம்மாதான் வேணும். சிப்பாய்ங்க ஜெர்மனியிலிருந்து கடுதாசி போடுறாங்கப்பா, அவளை நினைச்சா வீட்டு ஞாபகம் வருதாம்."

மெர்ல் வேறு இடங்களுக்கும் போனான். அங்கேயும் எல்லாரும் பிளங்கெட் மாதிரி ஒன்று இருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்று மாதம் கழித்து அவன் மறுபடி வரைய ஆரம்பித்தான்.

வெர்னா சண்டை போடவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். சாப்பாடு ஆகிவிட்டது, குழாய் ஒழுகுகிறது, தெல்மா கடிதம் போட்டிருக்கிறாள். இதற்கு மேல் இல்லை. அவன் தபால் ஜோக் வாங்கினான், நெப்ராஸ்காவில் ஒரு பல் டாக்டர் எழுதி அனுப்புவார். ரெட்மண்ட் அவற்றைத் திருப்பி அனுப்பினார். இது பிளங்கெட் பேசுகிற பேச்சில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தார். யாருடைய பேச்சு என்று அவருக்குத் தெரியாது. எங்களில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அதன் பிறகுதான் மெர்ல் அதைக் கண்டுபிடித்தான். நாற்பத்தைந்தாவது தெருவில் நாங்கள் புதன்கிழமை மதியம் சாப்பிடுகிற இத்தாலியன் கடையில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே எனக்கு விளக்கினான். சும்மா கேட்டால் அவள் வாய் திறப்பதில்லை. கொஞ்சம் சீண்டினால் போதும். சூப்பில் உப்பு இல்லை என்பான். தெல்மாவின் கணவனைப் பற்றி ஏதாவது சொல்வான். குளிருக்கு ஜன்னலைத் திறந்து வைப்பான். கோபம் வந்தால் அவளால் அடக்க முடியாது, வந்து விழுந்துவிடும். ஒரு வாரத்தில் இரண்டு கிடைத்தது என்றான்.

நான் சிரித்தேன். நல்ல வழிதான் கண்டுபிடித்திருக்கிறாய் என்றுகூடச் சொன்னேன்.

1959 குளிர்காலத்தில் சீண்டுவதற்கு விஷயம் தீர்ந்துபோயிருக்க வேண்டும். ஒரு மாலை அவன், பரணில் இருக்கிற தொட்டிலை மாதா கோவிலுக்குக் கொடுத்துவிடலாம், சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறான். அதை ஜோக்குக்காகச் சொன்னேனா, உண்மையாகவே சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை கஸ், என்று பின்னால் பல தடவை என்னிடம் புலம்பினான். வெர்னா திரும்பி அவனைப் பார்த்துச் சொன்னாளாம்.

"பத்து வருஷமா இந்த வீட்டுல நான் வளர்த்தது ஒண்ணே ஒண்ணுதான். அதுக்கும் வழுக்கை விழுந்துடுச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். பையன் போன பிறகு அவன் முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. மெர்ல் அவளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், அவனும் அழுதான். இதையும் அவனே சொன்னான். அழுது முடித்து அவள் தூங்கப் போன பிறகு அவன் மேஜைக்குப் போனான்.

அடுத்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வாசலில் தொப்பியோடு ஒரு அதிகாரி, கையில் காகிதம், பிள்ளைகள் எத்தனை என்று கேட்கிறார். மிஸஸ் பிளங்கெட் கட்டையால் பின்னால் சுட்டிக்காட்டுகிறாள். அங்கே சாய்வு நாற்காலியில் வழுக்கைத் தலையோடு மிஸ்டர் பிளங்கெட். அடியில் வெர்னாவின் வரி, ஒரு சொல் மாறாமல். 1960 ஏப்ரல் இதழில் வந்தது. கமடோர் அதுவரை போட்ட கார்ட்டூன்களிலேயே அதற்குத்தான் அதிகக் கடிதம் வந்தது. ரெட்மண்ட் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டினார். புதன்கிழமை அன்று நாங்கள் எல்லோரும் மெர்லின் முதுகில் தட்டினோம்.

வெர்னா கமடோரைப் பார்ப்பதை எப்போதோ விட்டிருந்தாள். ஆனால் ரூஸ்வெல்ட் அவென்யூவில் இருந்த பியூட்டி பார்லருக்குப் போயிருந்தபோது, முடி உலர்த்தும் கூட்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒருத்தி, தன் குரல் தனக்கே காதில் விழாததால் உரக்க, அந்த வரியைப் படித்துக் காட்டினாள். கடை முழுக்கச் சிரிப்பு. சுருள் ஊசி குத்திய ஈரத்தலையோடு வெர்னா எழுந்து, அப்படியே தெருவில் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

அவனை எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் துணி துவைத்து, இஸ்திரி போட்டு, அவனுடைய சட்டைகளையும் சேர்த்து மடித்து வைத்தாள். மூன்றாம் நாள் ஒரு பெட்டியோடு ஸ்கிராண்டன் பஸ்ஸில் ஏறினாள்.

மே, ஜூன், ஜூலை. மெர்ல் ஒன்றும் வரையவில்லை. அவன் போட்ட கடிதங்களுக்குப் பதில் இல்லை. ஆகஸ்டில் ஒரு கடிதம் வந்தது. இத்தாலியன் கடையில் எனக்குக் காட்டினான். வீட்டுச் சாமான் எது எங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தாள். குளிர்காலப் போர்வை, இன்ஷூரன்ஸ் காகிதம், தண்ணீர்க் குழாய்ச் சாவி. கடைசியில்: 'அடுப்புக்கு மேலே ரெண்டு டப்பா இருக்கும். ஒண்ணு உப்பு, ஒண்ணு எலி பாஷாணம். ரெண்டிலேயும் பேர் எழுதலை. உன் அதிர்ஷ்டம்.'

"பாத்தியா? இது அவதான். திரும்பி வர்றாடா கஸ்," என்றான்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வெறுத்துப்போனவள் இப்படி எழுதமாட்டாள். இன்றைக்கே போய் அவளைக் கூட்டிக்கொண்டு வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றான்.

வெள்ளிக்கிழமை ரெட்மண்டின் அலுவலகத்திலிருந்து போன். மூன்று இதழ் பிளங்கெட் இல்லாமல் போய்விட்டது. திங்களன்று பக்கம் அச்சுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் அந்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மெர்ல் ஸ்கிராண்டன் போகவில்லை. திங்கட்கிழமை காலை, ஒரு படத்தைத் திருத்திக் கொடுக்கப் போயிருந்தபோது, ரெட்மண்டின் காத்திருப்பு அறையில் அவனைப் பார்த்தேன். மடியில் படம். மிஸ்டர் பிளங்கெட் அடுப்பு முன்னால் இரண்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், மிஸஸ் பிளங்கெட் பெட்டியோடு வாசலைத் தாண்டுகிறாள். அடியில் அந்தக் கடிதத்தின் வரி.

"அவ இப்பல்லாம் இதைப் பாக்கிறதே இல்லை," என்றான், நான் ஒன்றும் கேட்காமலே.

அப்போது நான் அதை வாங்கிக் கிழித்திருக்கலாம். கிழிக்க வேண்டாம், கொடுக்காதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். படம் அவ்வளவு நன்றாக இருந்தது. நான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவனுக்கு அது போதுமாயிருந்தது. எழுந்து உள்ளே போனான்.

தெல்மாவின் கணவன் ஸ்டான் ரயில்வேக்காரன். முடிவெட்டும் கடையில் அந்த இதழைப் பார்த்தான். வெர்னா வீட்டில் சொல்லி அவர்களைச் சிரிக்க வைத்திருந்த வரி அது. அவன் சூதுவாது தெரியாதவன், ஆச்சரியப்பட்டுப் பக்கத்தைக் கிழித்து வீட்டுக்கு எடுத்துப்போய் அவளிடமே காட்டினான்.

நவம்பர் கடைசியில் நான் மெர்லை என் காரில் ஸ்கிராண்டனுக்கு அழைத்துப்போனேன். அவனைத் தனியாக விட எனக்குப் பயமாக இருந்தது. நிலக்கரித் தூசி படிந்த மரவீடு. மெர்ல் காரிலேயே உட்கார்ந்துகொண்டு, முதலில் நீ போய்ப் பார் என்றான். வெர்னாவே கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். பழைய வெர்னாவாக ஆகிக்கொண்டிருந்தாள் என்று தோன்றியது. அவளுக்கு அங்கே எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்திருந்தது. என் பெண்கள் இரண்டு பேரையும் பேர் சொல்லி விசாரித்தாள்.

"பெரியவ பியானோ கத்துக்கிறாளாமே. வீட்டுல எப்படி இருக்கீங்க? காது கேக்குதா?"

நான் சிரித்தேன். அவள் உதட்டு ஓரமும் கொஞ்சம் அசைந்தது. அந்த நேரத்தில் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மெர்ல் படியேறி வந்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

உள்ளே கூப்பிடும் விதமாகக் கையைக் காட்டினாள். சமையலறையில் மூன்று கோப்பைக் காபி வைத்தாள், ஆப்பிள் பை பலகாரம் வெட்டி வைத்தாள். எதிரே கைகட்டி உட்கார்ந்தாள். மெர்ல் பேசினான். தப்பு என்றான். ரெட்மண்டின் போன், மூன்று இதழ், எல்லாம் சொன்னான். தொட்டிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து நிறுத்தினான். வேறு வேலை பார்க்கிறேன் என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபமே தெரியவில்லை.

"ஏதாவது பேசு வெர்னா. திட்டவாவது செய்."

அவள் அவன் சட்டைப் பையைப் பார்த்தாள். அவன் பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தான். சின்ன நோட்டை எடுத்து வைத்தான். பிறகு கோட்டுப் பைகளை வெளியே இழுத்துக் கவிழ்த்தான். கைக்குட்டை, ரயில் டோக்கன், சாவி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெர்னா எழுந்து கோப்பைகளைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளறைக்குப் போனாள். அப்புறம் வந்தது தெல்மா.

"அவ இனிமே வெளியில வரமாட்டா. இருட்டறதுக்குள்ள கிளம்புங்க. வழியில பனி விழும்னு சொன்னாங்க."

இருபது மைல் தாண்டிய பிறகு மெர்ல் வாய் திறந்தான்.

"என் காபியில உப்பு போட்டிருந்தா கஸ்."

"குடிச்சியா?"

"முழுசா."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு எங்கே முடிந்து அழுகை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியவில்லை. காரை ஓரமாக நிறுத்திவிட்டேன்.

அதை அவன் வரையவில்லை. அதற்குப் பிறகு எதையுமே வரையவில்லை. ரெட்மண்டிடம் போய் முடிந்தது என்று சொல்லிவிட்டு, குழாய், வால்வு, கழிவறைச் சாமான் விற்கிற ஒரு கம்பெனிக்கு விலைப்பட்டியல் படம் போடுகிற வேலைக்குப் போனான். அந்தக் காபியை அவன் கடிதம் என்று எடுத்துக்கொண்டான். இன்னொன்று வரும் என்று காத்திருந்தான். வரவில்லை.

மிஸஸ் பிளங்கெட் என்ற பெயர் பத்திரிகைக்குச் சொந்தம். ரெட்மண்ட் ஜனவரியில் என்னைக் கூப்பிட்டார். உனக்கு அவன் கோடு நன்றாகத் தெரியும், நீயே போடு என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்று சொன்னேன். எனக்கு இரண்டு பெண்கள், ஒன்பது வருடமாகப் புதன்கிழமைகளில் மாடி ஏறிக்கொண்டிருந்தேன். இப்போது எந்தக் காரணம் சொன்னாலும் சாக்காகத்தான் இருக்கும்.

முதல் பக்கத்துக்கு என்னிடம் ஒன்றுமில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். கடைசியில் காபியை வரைந்தேன். மிஸ்டர் பிளங்கெட் மண்டியிட்டுக் கெஞ்சுகிறார், மிஸஸ் பிளங்கெட் முகத்தைத் திருப்பிக்கொண்டு உப்பு டப்பாவைக் கோப்பையில் கவிழ்க்கிறாள். ரெட்மண்ட் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

மெர்ல் அதைப் பார்த்தான். வுட்சைடு வீட்டை விட்டுவிட்டு அவன் தங்கியிருந்த அறைக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது இதழ் கட்டிலில் திறந்து கிடந்தது. கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் விரலால் மிஸஸ் பிளங்கெட்டின் முகத்தைத் தொட்டான்.

"வாய் தப்பா இருக்கு. நீ கோபமாப் போட்டிருக்கே. அவளுக்கு இந்த இடத்துல சிரிப்பு வரப் பாக்கும், அடக்கிப்பா. அந்த மடிப்பு இங்க வரணும்."

இதழை மூடி என்னிடம் கொடுத்தான். அதற்குப் பிறகும் நான் ஐந்து வருடம் பிளங்கெட்டை வரைந்தேன். அந்த வாய் எனக்கு வரவே இல்லை.

1966 மார்ச்சில் வெர்னா இறந்துபோனாள். மார்பில் கட்டி. இரண்டு வருடமாக இருந்திருக்கிறது, எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஸ்டான் போன் செய்தான், தெல்மாவுக்குத் தெரியாமல். மெர்லை நான்தான் அழைத்துப்போனேன். அவன் கறுப்பு கோட்டு அவனுக்குப் பெரிதாக இருந்தது. அடக்கம் முடிந்து எல்லோரும் தெல்மா வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாங்கள் வழி தவறித் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம்.

படியில் ஏறும்போதே உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தர் இரண்டு பேரில்லை, வீடு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. எக்ஸ்சேஞ்சில் அவளோடு வேலை பார்த்த பெண்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பாதிரியார்கூட. ஒரு பெண்குரல் மூச்சு வாங்கிக்கொண்டு, "அதுக்கு வெர்னா சொல்றா..." என்று ஆரம்பித்தது.

மெர்ல் படியில் நின்றான். அவன் முகம் அப்போது எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. பசிக்கிறவன் சாப்பாட்டு வாசனைக்கு நிற்பதுபோல நின்றான். நான் யோசிக்காமல் கதவைத் தள்ளிவிட்டேன்.

தெல்மாதான் எங்களை முதலில் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கையைத் தொட்டாள். அவள் நிறுத்தினாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தார்கள். யாரோ தட்டை மேஜையில் வைத்தார்கள். ஸ்டான் இரண்டு கோப்பைக் காபி கொண்டுவந்து கொடுத்தான். நாங்கள் சுவரோரமாக உட்கார்ந்து அதைக் குடித்தோம். அரை மணி நேரம் இருந்தோம். வானிலையைப் பற்றியும், மூடப்போகிற ஒரு சுரங்கத்தைப் பற்றியும் பேசினார்கள். நாங்கள் வெளியே வந்து காரில் ஏறி, கதவைச் சாத்தினோம். வீட்டுக்குள் மறுபடி பேச்சுச் சத்தம் எழுந்தது. கண்ணாடி ஏற்றியிருந்ததால் ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

நெடுஞ்சாலைக்கு வந்த பிறகு மெர்ல் கேட்டான்.

"என்ன சொல்லியிருப்பா?"

"தெரியலையே மெர்ல்," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான்.